ஈசிஜி இருக்கட்டும், சாவி எங்கே?

வணக்கம் தம்பி,

நான் பள்ளத்தூரில் இருக்கிறேன், வயது 67. மகனும் மருமகளும் சிங்கப்பூரில். பேரன் பதினொன்றாம் வகுப்பு, பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு, இரண்டு பேரும் என்னோடுதான். வாட்ஸப்பில் தினமும் ஒரு வீடியோ வருகிறது. விளையாடிக்கொண்டிருந்த பையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளை அப்படியே சரிந்தாள் என்று. எனக்குத் தூக்கமே போய்விட்டது. மதுரையில் முழு உடல் பரிசோதனை செய்கிறார்களாமே, பேரனைக் கூட்டிப் போகலாமா? அவன் அப்பா அனுப்பிய பணத்தில் பைக் வாங்கியிருக்கிறான், காரைக்குடிக்கு டியூஷன் போய்வர. சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குத்தான் வருவான். ஓட்டும்போதே நெஞ்சுவலி வந்துவிட்டால் என்ன செய்வது? பேத்தியைப் பற்றிக் கவலை இல்லை, அமைதியான பிள்ளை, அறையை விட்டே வரமாட்டாள். இந்த வயசுப் பிள்ளைகள் எதனால்தான் சாகிறார்கள், எப்படிக் காப்பது என்று எழுதுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள ஆச்சி,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பைக் ஓட்டும்போது பேரனுக்கு நெஞ்சுவலி வந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள், பதினொன்றாம் வகுப்புப் பையன் ராத்திரி ஒன்பது மணிக்கு பைக் ஓட்டி வருகிறானே என்று பயப்படவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களை மட்டும் சொல்லவில்லை. நம் பக்கத்தில் பாதி வீட்டு முகப்பில் இதே பைக்தான் நிற்கிறது.

நெஞ்சு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த வயசில் இதயம் திடீரென்று நிற்பது உண்டு, ஆனால் அபூர்வம். பெரும்பாலும் பிறவியிலேயே இதயத் தசை தடித்திருப்பது, துடிப்பின் ஒழுங்கில் கோளாறு, இப்படி ஏதாவது இருக்கும். ஓடும்போதோ விளையாடும்போதோ அவன் மயங்கி விழுந்திருக்கிறானா? உங்கள் வழியிலோ மருமகள் வழியிலோ யாராவது சின்ன வயசிலேயே காரணம் தெரியாமல் திடீரென்று போயிருக்கிறார்களா? ஆமாம் என்றால் முழு உடல் பரிசோதனையெல்லாம் வேண்டாம், நேரே இதய டாக்டரிடம் போய் ஈசிஜியும் எக்கோவும் எடுங்கள். இல்லை என்றால் அந்த வீடியோக்களைப் பார்ப்பதை நிறுத்துங்கள். வகுப்பறையில் கேமரா இருக்கிறது, அதனால் வீடியோ வருகிறது. கோட்டையூர்ப் பக்கம் இருட்டில், தார்ச்சாலைச் சூட்டுக்குப் படுத்திருக்கும் மாட்டின் மேல் மோதி விழுகிற பையனை யாரும் படம் எடுப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 5 வயசு முதல் 29 வயசு வரை சாவுக்கு முதல் காரணம் சாலை விபத்து. நம் நாட்டில் 2022-இல் மட்டும் சாலையில் செத்தவர்கள் 1,68,491 பேர், அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். கியர் வண்டி ஓட்ட 18 வயசு ஆகவேண்டும். 16 வயசில் கிடைக்கும் லைசென்ஸ் 50 சிசிக்குள் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் முதலில் மாட்டுவது அவனுடைய பாதுகாவலரும் வண்டிக்குச் சொந்தக்காரரும்தான்: 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. யார் மேலாவது மோதினால், லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான் என்று சொல்லி, இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த பணத்தைச் சொந்தக்காரரிடமே திரும்ப வசூலிக்கப் பார்க்கும். ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது ஆச்சி? உங்கள் பேரில்தான் என்று நினைக்கிறேன். மகன் சிங்கப்பூரில் இருப்பார், சம்மன் பள்ளத்தூருக்குத்தான் வரும். வட்டிக் கணக்கில் ஒரு பைசா விடாத ஊர்க்காரர்கள் நாம், இந்தக் கணக்கை மட்டும் ஏன் போட்டுப் பார்ப்பதில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

டவுன் பஸ்ஸில் போகட்டும். ராத்திரி திரும்ப பஸ் சரிப்படாவிட்டால், அதே டியூஷனுக்குப் போகும் நாலு பிள்ளைகள் வீட்டில் பேசி ஒரு ஆட்டோ ஏற்பாடு செய்யுங்கள், பெட்ரோல் செலவை விடப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. சிநேகிதனின் அண்ணன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாலும் ஹெல்மெட் தலையில் இருக்கவேண்டும், பட்டை மாட்டியிருக்கவேண்டும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஹெல்மெட் சாவை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. நம் ஊர்ப் பையன்களின் ஹெல்மெட் பெட்ரோல் டாங்க் மேல் உட்கார்ந்து ஊர் சுற்றிவிட்டு வருகிறது, அந்தக் கணக்கில் அது சேராது.

அப்புறம் தண்ணீர். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது, ஊருணிப் படியில் பாசி இருப்பதும் தெரியாது. கண்மாய் இன்னும் மோசம். மண் எடுத்த பள்ளம் தண்ணீருக்கு அடியில் கிடக்கும், இடுப்பளவுதானே என்று நடக்கிறவனுக்கு அடுத்த எட்டில் தலைக்கு மேல் போய்விடும். அவனைக் காப்பாற்றக் குதிக்கிறவனும் சேர்ந்து போவதைத்தான் அடிக்கடி படிக்கிறோம். குதிக்காதே, வேட்டியை வீசு, கயிறு போடு, காலிப் பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிப் போடு என்று சொல்லி வையுங்கள். வெளியே எடுத்த பிறகு தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம், மூச்சு இல்லை என்றால் வாயில் மூச்சு ஊதி நெஞ்சை அழுத்தவேண்டும், 108-ஐக் கூப்பிடவேண்டும். இத்தனை ஊருணி வெட்டிய நகரத்தார் ஊருக்கு ஒரு நீச்சல் வாத்தியாரையும் வைத்திருக்கலாம். பாம்புக்கடிக்கு ஒரு வரி போதும்: மந்திரிக்கப் போகாமல் நேரே அரசு ஆஸ்பத்திரி.

சரி, இப்போது பேத்தி. பேரனுக்குப் பாதிக் கடிதம், அவளுக்கு ஒரு வரி. "அமைதியான பிள்ளை, அறையை விட்டே வரமாட்டாள்." எனக்குப் பைக்கை விட அந்த வரிதான் உறுத்தியது.

வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் கணியம்பாடி ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரை ஒவ்வொரு சாவுக்கும் காரணம் விசாரித்தார்கள். 10 முதல் 19 வயசுக்குள் தற்கொலை செய்துகொண்டவர்கள், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு, பையன்களில் 58, பெண்பிள்ளைகளில் 148. அந்த வயசுப் பெண்பிள்ளைகளின் சாவில் பாதிக்குக் குறையாமல் இதுதான் காரணம். பழைய கணக்குதான், ஒரு ஒன்றியத்தின் கணக்குதான், ஆனாலும் நம் தமிழ்நாட்டுக் கிராமங்கள். பேப்பரில் 'தீராத வயிற்றுவலி' என்று இரண்டு வரி போட்டு முடித்துவிடுவார்கள்.

பயமுறுத்தவில்லை ஆச்சி. அமைதியாக இருப்பது நோய் இல்லை. எப்போதும் அப்படியா, இந்த நாலைந்து மாதமாகவா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். சாப்பாடு குறைந்திருக்கிறதா, தூக்கம் மாறியிருக்கிறதா, பிரியமாக வைத்திருந்த சாமானை யாருக்காவது தூக்கிக் கொடுக்கிறாளா, 'நான் இல்லாட்டி' என்று ஏதாவது சொல்கிறாளா?

1988-இல் பிளஸ் டூ முடிவு வந்தபோது பேப்பரில் என் நம்பர் இல்லை. இருட்டும் வரை ஊருணிப் படியில் உட்கார்ந்திருந்தேன். அப்பத்தா டார்ச் லைட்டோடு வந்தார். மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "வெள்ளைப் பணியாரத்துக்கு அரைக்கணும், எனக்குக் கை வலிக்குது, வா" என்றார். ஆட்டுக்கல்லில் ஒரு மணி நேரம் அரைத்தேன். 1942-இல் பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவருடைய அண்ணன் நடந்தே வந்து சேர்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர், நடுவில் நிறுத்தி, "சாகணும்னு தோணுச்சாடா?" என்று கேட்டார். அவ்வளவு நேராக. மாவுக் கையோடு அழுதேன். கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடும் என்று நாம் பயப்படுகிறோம், அது அப்படி இல்லை என்று மனநல டாக்டர்களும் சொல்கிறார்கள். கேட்டால்தான் வாய் திறக்கும்.

பேத்தி ஆமாம் என்றால் பதறாதீர்கள், திட்டாதீர்கள், அன்றைக்கு அவளைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) இரவும் பகலும் தமிழில் பேசலாம், 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலும் பேசலாம். அங்கே நிறுத்திவிடாமல் மனநல டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தும் உங்கள் பிரஷர், தூக்க மாத்திரைகளும் இன்றைக்கே பூட்டுக்குள் போகட்டும், அவள் என்ன பதில் சொன்னாலும். அந்த எண்ணம் உச்சத்தில் நிற்பது பல பேருக்குக் கொஞ்ச நேரம்தான், அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தால் பிள்ளை தப்பிவிடும். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வருகிற அன்று மகனைச் சிங்கப்பூரிலிருந்து முதல் ஆளாகப் போன் செய்து மார்க் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தவறினால் அடுத்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு இருக்கிறது, ஒரு வருஷம் போகாது. இதை முடிவுக்கு முன்னாலேயே அவள் காதில் போட்டுவையுங்கள்.

அவள் எந்த குரூப், சிநேகிதி யார், ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறாள், இதையெல்லாம் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். பைக் சாவியை எங்கே ஒளித்து வைத்தீர்கள் என்று மட்டும் எழுதவேண்டாம், பேரனும் இதைப் படிப்பான்.