ஈரத்தில் பார்க்காதே

அன்புள்ள ஐயா,
மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு ஜவுளி வேதியியல் படிக்க ஆசைப்படுகிறான். துணிக்குச் சாயம் போடுவதற்குப் போய் நாலு வருடப் படிப்பா என்று வீட்டில் சண்டை. 2011ல் திருப்பூரில் சாயப் பட்டறைகளை மூடினார்களே, இனி இந்தத் தொழில் நிற்குமா? எந்தக் கல்லூரி நல்லது?
எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

கல்லூரியை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். அன்று மூடச் சொன்னது உயர் நீதிமன்றம், நொய்யல் ஆற்றில் விட்ட கழிவுநீருக்காக. பட்டறைகள் இன்று தண்ணீரைச் சுத்திகரித்து, சாயத்தோடு போட்ட உப்பையும் திரும்ப எடுத்துத்தான் ஓட வேண்டும். அதற்கே வேதியியல் தெரிந்தவன் வேண்டும்.

ஆனால் "சாயம் போடுவதற்குப் போய்" என்கிறீர்களே, அங்கேதான் கோபம் வந்தது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில், அது துணியில் பிடிக்கச் சேர்க்கும் சோடாவை அவசரப்பட்டுக் கொட்டிப் பாருங்கள், துணி திட்டுத் திட்டாக வரும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடக் கற்பதே ஒரு படிப்பு.

அதைவிடப் பெரிய படிப்பு, கண். சின்ன வயதில் ஒரு பட்டறையின் லேபில் இருந்தேன். ஈரத்துணியை சாம்பிளோடு வைத்துப் பார்த்தால் டையிங் மாஸ்டர் கையைத் தட்டிவிடுவார். "ஈரத்துல பாக்காதடா, கலர் கெட்டியாத்தான் தெரியும்." அயர்ன் பண்ணிக் காய வைப்பேன். சூட்டோடு நீட்டினால் அதற்கும் திட்டு. சூடு இருக்கும்வரை சாயம் வேறு முகம் காட்டும். ஆறவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு நைட் ஷிஃப்ட். ஆலிவ் பச்சை, 300 கிலோ. மாஸ்டர் ஊருக்குப் போயிருந்தார். டியூப் லைட்டில் வைத்துப் பார்த்தேன், அச்சு அசல். பெருமையாக ஓகே போட்டேன். காலையில் வாசலுக்கு எடுத்துப்போனால் வெயிலில் செம்மண் ஏறிய பச்சை! வெளிச்சம் மாறினால் ஷேடும் மாறும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. மாஸ்டர் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மொத்த லாட்டும் கருப்புச் சாயம் ஏறித்தான் வெளியே போனது.

இப்போது வெவ்வேறு வெளிச்சத்தில் பார்க்க லைட் பாக்ஸும், நிறத்தை அளக்க ஸ்பெக்ட்ரோவும் வந்துவிட்டன. சரி, ஆனாலும் கடைசியில் பார்ப்பது ஒரு மனிதனின் கண்தானே? கோட்சூட் போட்ட வேலைதான் கௌரவம் என்று நினைக்கிறவர்களுக்கு இது புரியாது. உங்கள் பையனுக்குப் புரிந்திருக்கிறது போல. பாவம், அவனைத் திட்டாதீர்கள்.

விண்ணப்பம் வாங்கும் முன் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் எண்ணை வாசிக்கச் சொல்லும் இஷிஹாரா சோதனை, பத்து நிமிட வேலை. சிவப்பு பச்சைக் குழப்பம் ஆண்களுக்குத்தான் அதிகம். பலருக்குத் தனக்கு இருப்பதே தெரியாது. முடிவு வந்ததும் எழுதுங்கள், சம்பளக் கணக்கை அப்புறம் பேசலாம்.