எஸ்டேட் பக்கம் அங்கன்வாடி கேட்டு வாங்குவது எப்படி?

கேள்வி: நீலகிரி மாவட்டம் பந்தலூர் பக்கம் எங்கள் லயனில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) நிறைய சின்னப் பிள்ளைகள். அங்கன்வாடி தூரம், வழியில் யானை நடமாட்டம். என்ன செய்யலாம்?

முதலில் பிள்ளைகளை எண்ணுங்கள். ஆறு வயதுக்குள் 40 பேர் இருந்து, அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், 3 மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே உத்தரவிட்டிருக்கிறது. அதனால் பெயர், பிறந்த தேதியோடு பட்டியல் போட்டு, கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுங்கள். ஒப்புகை வாங்க மறக்காதீர்கள்! 40 தேறவில்லையா? மலைப் பகுதிக்கு மினி அங்கன்வாடி கேட்கலாம். 150 பேர் வசித்தாலே போதும் என்பதுதான் அதற்கு வகுத்த விதி.

ஆனால் அங்கன்வாடி மட்டும் போதாது. கொழுந்து பறிக்கப் போகும் அம்மா திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை பிள்ளையை யார் பார்ப்பது? கைக்குழந்தை என்றால் இன்னும் சிக்கல். 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் நிர்வாகமே காப்பகம் நடத்த வேண்டும் என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஒப்பந்தப் பெண்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி. இதைப் பலர் கவனிப்பதில்லை. தொழிற்சங்கம் மூலம் எழுதிக் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. பக்கத்தில் பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடிப் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் பேச்சு தெரிந்த உதவியாளரைக் கேளுங்கள். மொழி புரியாத இடத்தில் மூன்று வயதுப் பிள்ளை எத்தனை நாள் உட்காரும்?