சாடிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு

கேள்வி: லாவோஸில் போன்சவான் என்னும் சிற்றூருக்குக் குடும்பத்தோடு போகவிருக்கிறோம். கல்சாடிச் சமவெளியைப் பார்ப்பதே எங்கள் நோக்கம். பயண ஏற்பாட்டாளர் தந்த திட்டத்திலோ, குண்டுவீச்சில் மக்கள் இறந்த குகை, இடிந்து கிடக்கும் பழைய தலைநகர், வெடிக்காத குண்டுகளைப் பற்றிய காட்சிக்கூடம் எல்லாம் இருக்கின்றன. இவற்றை நீக்கிவிட்டுச் சாடிகளை மட்டும் அரை நாளில் பார்த்துத் திரும்பினால் போதாதா? தொன்மையைக் காண வருகிறவர்களிடம் போரின் சோகத்தை எதற்காகத் திணிக்கிறார்கள்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதல் சாடித் திடல் ஊருக்கு மிக அருகில் இருக்கிறது, அரை நாளில் பார்த்துத் திரும்புவது எளிதுதான். ஆனால் 'திணிக்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. தொன்மைக்கு ஓர் இடம், போருக்கு ஓர் இடம் என்று பிரித்து வைக்க அந்த மக்களுக்கு வழியே இல்லை. ஒரு சாடிக்கும் அடுத்த சாடிக்கும் நடுவில் குண்டு விழுந்த பள்ளம் கிடக்கிறது. அதன் விளிம்பைச் சுற்றித்தான் நீங்களும் நடக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் நடக்கப்போகும் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓரங்களில் பாதி வெள்ளையும் பாதி சிவப்புமாகச் சிறு கற்கள் பதித்திருக்கிறார்கள். வெள்ளைப் பக்கத்தில் மண்ணுக்கு அடியிலும் சோதித்துக் குண்டுகளை அகற்றிவிட்டார்கள் என்று பொருள்; சிவப்புப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்தவற்றை மட்டுமே அகற்றியிருக்கிறார்கள். நான் போயிருந்தபோது ஒரு சாடியைப் படமெடுக்க இரண்டடி பின்னால் நகர்ந்தேன். வழிகாட்டி ஒன்றும் பேசாமல் என் முழங்கையைப் பிடித்து இழுத்து, என் குதிகாலுக்குப் பக்கத்தில் இருந்த கல்லைக் காட்டினார். நான் சிவப்பை மிதிக்கவிருந்தேன். 2004, 2005ஆம் ஆண்டுகளில் குண்டகற்றும் பணியாளர்கள் அந்தத் திடல்களை அடி அடியாகத் துழாவியிருக்காவிட்டால், நீங்களும் நானும் அங்கே சாடி பார்க்கப் போயிருக்க முடியாது.

இனி, நீங்கள் பார்க்க விரும்பும் சாடிகளுக்கே வருகிறேன். அவை அரை நாளில் பார்த்து முடிக்கக்கூடியவை அல்ல. 2019இல் உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்த 15 இடங்களில் மட்டும் 1,325 சாடிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை மணற்பாறையைக் குடைந்து செய்தவை; மிகப் பெரியது ஏறத்தாழ 3 மீட்டர் உயரம். முதல் திடலின் சாடிகளுக்கான பாறையை ஏறத்தாழ 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த குன்றிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். அரக்கர்கள் போர் வெற்றியைக் கொண்டாட அரிசி மது காய்ச்சிய பானைகள் இவை என்பது ஊர்க்கதை. 1930களில் அங்கே ஆய்வு செய்த பிரெஞ்சுப் பெண்மணி மதலேன் கொலானி, இவை ஈமச்சடங்கோடு தொடர்புடையவை என்று எழுதினார். பின்னாளில் நடந்த அகழாய்வுகளில், சாடிகளைச் சுற்றிய மண்ணில் எலும்புகளைத் திரட்டிப் பானைகளில் இட்டுப் புதைத்திருந்தது தெரியவந்தது. ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகளை அறிந்த நமக்கு இந்த வழக்கம் புதிதாகத் தோன்றாது. இதே வகைக் கல்சாடிகள் அசாமின் திமா ஹசாவ் மலைகளிலும் இருக்கின்றன; இரண்டுக்கும் இடையிலான உறவு இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. சாடிக்கு அடியில் இருந்த மண் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டது என்று கணக்கிட்ட ஓர் ஆய்வு, 2021இல் வெளியானது. இரண்டாம் திடலின் சாடிகள் கி.மு. 1240க்கும் கி.மு. 660க்கும் இடையில் அங்கே நிறுத்தப்பட்டிருக்கலாம் என்கிறது அது.

முதல் திடலின் ஓரத்தில் ஒரு குகை இருக்கிறது. அதன் கூரையில் புகைபோக்கி போன்ற துளைகளையும், உள்ளே சாம்பலையும் கருகிய எலும்புகளையும் கண்ட கொலானி, இதுவே பிணம் எரித்த இடம் என்று கருதினார். அவருக்குப் பின் முப்பதாண்டுகள் கழித்து, வானத்திலிருந்து குண்டு விழுந்தபோது உயிரோடிருந்தவர்கள் பதுங்கிக்கொண்டதும் அதே குகையில்தான். அங்கே நிற்கும்போது எந்தப் பாதியைப் பார்ப்பீர்கள், எந்தப் பாதிக்குக் கண்ணை மூடிக்கொள்வீர்கள்?

லாவோஸ் நடுநிலை நாடு என்று 1962இல் ஜெனீவாவில் உடன்பாடு கையெழுத்தானது. இருந்தும் 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அங்கே 5,80,000 முறை பறந்து, 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான குண்டுகளை வீசின. தன் மக்களுக்கே தெரியாமல் அமெரிக்க அரசு நடத்திய போர் அது. போன்சவான் இருக்கும் சியெங் குவாங் மாநிலம் மிக அதிகமாக அடிபட்டவற்றுள் ஒன்று. கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய 27 கோடிச் சிறுகுண்டுகளில் ஏறத்தாழ 8 கோடி அன்று வெடிக்கவில்லை. டென்னிஸ் பந்து அளவே இருக்கும் அவற்றை அங்குள்ளவர்கள் 'பாம்பி' என்கிறார்கள். வயலில் மண்வெட்டி பட்டும், பிள்ளைகள் பந்தென்று எடுத்து விளையாடியும், போர் முடிந்த பிறகு மட்டும் ஏறத்தாழ 20,000 பேர் இறந்தோ உறுப்பிழந்தோ போயிருக்கிறார்கள். கொத்துக்குண்டுகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை 2010இல் நடைமுறைக்கு வந்தபோது, உறுப்பு நாடுகளின் முதல் கூட்டம் லாவோஸின் தலைநகரில் நடந்ததற்குக் காரணமும் இதுதான். அந்த உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை. ஆகவே, இது யாருடைய சோகமோ, நமக்கு எதற்கு என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

நீங்கள் தங்கப்போகும் போன்சவானே போரினால் பிறந்த ஊர். மாநிலத்தின் பழைய தலைநகரான முவாங் கூன் தரைமட்டமான பிறகு புதிதாக எழுப்பப்பட்டது. முவாங் கூனில் கூரையும் சுவரும் போய்ச் செங்கல் தூண்கள் மட்டும் நிற்கும் விகாரையில், தீயில் கருகி வடுப்பட்ட புத்தர் வெட்டவெளியில் அமர்ந்திருக்கிறார். முன்னால் பூவும் ஊதுவத்தியும் இருக்கும். இன்றும் வழிபாடு நடக்கிறது. அதை இடிபாடு என்று நீக்கிவிடாதீர்கள்.

நாப்பியா கிராமத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போர்க்கால அலுமினியத்தை மண் அடுப்பில் உருக்கி அச்சில் வார்த்துக் கரண்டி செய்கிறார்கள். கையில் எடுத்தால் கனமே தெரியாது. கரண்டியை வாங்கலாம். குண்டு ஓடு, குண்டின் பாகம் என்று யாராவது விற்றால் மட்டும் தொடாதீர்கள். அந்தப் பழைய இரும்புக்காகத் தோண்டப் போய் உயிரை விட்டவர்கள் அங்கே பலர்.

ஒன்றில் மட்டும் உங்கள் தயக்கத்தை ஏற்கிறேன். 1968 நவம்பர் 24 அன்று தாம் பியூ குகைக்குள் பாய்ந்த ஏவுகணையால், அங்கே தஞ்சம் புகுந்திருந்த 374 பேர் இறந்தார்கள் என்று லாவோஸ் மக்கள் நினைவுகூர்கிறார்கள். குழந்தைகள் சிறியவர்களாக இருந்தால், உங்களில் ஒருவர் அவர்களோடு வெளியே நின்றுகொள்ளலாம். ஆனால் காட்சிக்கூடத்துக்கு அவர்களைக் கட்டாயம் அழைத்துப் போங்கள், அதுவும் சாடிகளைப் பார்ப்பதற்கு முந்தைய மாலையிலேயே. பாம்பி எப்படி இருக்கும் என்று அங்கே கண்ணால் கண்டுவிட்டால், மறுநாள் புல்வெளியில் உருண்டையாக எது தென்பட்டாலும் அவர்கள் எடுக்க ஓடமாட்டார்கள்.