செம்புக் கம்பி வாங்கிச் சேர்க்கலாமா? – பதில்

தம்பி, தங்கச்சியின் கலியாணக் காசில் பழைய செம்புக் கம்பி வாங்கி, தேவை கூடி விலை ஏறுமென்று சுன்னாகத்து வீட்டில் அடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

உலகத்தில் செம்புக்குத் தேவை கூடுவது உண்மைதான். ஒரு மின்சாரக் காருக்கு ஏறக்குறைய 80 கிலோ செம்பு போகிறது, பெற்றோல் காருக்கு அதில் மூன்றிலொரு பங்குகூட வராது. புதுச் சுரங்கம் திறக்கப் பத்து வருசத்துக்கு மேல் எடுக்கும். ஆனால் 2024 மே மாதம் இலண்டன் உலோகச் சந்தையில் தொன் 11,000 டொலரைத் தாண்டிய விலை, ஓகஸ்டில் 9,000க்குக் கீழே இறங்கியது.

அந்த விலையைப் பழைய இரும்புக் கடைக்காரர் தரவும் மாட்டார். உறையை எரித்துக் கறுத்த கம்பி என்றால் இன்னும் குறைப்பார். களவுக் கம்பி கலந்திருந்தால் பொலிசுக்கும் பதில் சொல்லவேண்டும். நகையை அவசரத்துக்கு வங்கியில் அடகு வைக்கலாம், கம்பியை எந்த வங்கி எடுக்கும்? ஆசை விடவில்லையென்றால், கலியாணக் காசைத் தொடாமல், போனாலும் தாங்கக்கூடிய சின்னத் தொகையோடு நில்லுங்கள்.