வீட்டுக் கோழியும் முட்டையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மொட்டைமாடியில் நான்கு நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பத்துப் பன்னிரண்டு முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடுகின்றன. பிறகு ஒன்றரை மாதம் ஒன்றும் இல்லை. நொய்யும் மீந்த சோறும்தான் தீனி. விடாமல் முட்டை போட என்ன வழி?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் கோழிக்கு நோய் எதுவும் இல்லை, நாட்டுக்கோழியின் சுபாவமே அதுதான். நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் வருடத்துக்கு 60 முதல் 80 முட்டைதான். அடையைச் சீக்கிரம் கலைத்தால் அந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டலாம்.

முட்டையை அன்றன்றே எடுத்துவிடுங்கள். கூடையில் முட்டை சேரச் சேர அடை ஆசை வளரும். உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கே அந்தக் கோழியைப் பிரித்து, அடியிலும் கம்பிவலை உள்ள கூண்டில் விடுங்கள். கூண்டைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வயிற்றுக்கு அடியில் காற்றோட வேண்டும். வைக்கோல், சாக்கு எதுவும் போடாதீர்கள். வெளிச்சமான இடம், வழக்கமான தீனி, தண்ணீர். மூன்று நான்கு நாளில் அடை கலையும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மறுபடி முட்டை வரும். மூக்கில் இறகு செருகுவதும், வாளித் தண்ணீரில் முக்குவதும் வேண்டாம். கோழிக்கு அது வதைதான்.

அடுத்தது தீனி. நொய்யிலும் சோற்றிலும் மாவுச்சத்துதான் இருக்கிறது. கோழி கொழுக்கும், முட்டை வராது. 10 கிலோ கலவைக்கு: உடைத்த மக்காச்சோளம் 4.5 கிலோ, கம்பு 1 கிலோ, தவிடு 1 கிலோ, சோயா புண்ணாக்கு 2 கிலோ, உப்பில்லாத கருவாட்டுத் தூள் அரை கிலோ, கிளிஞ்சல் தூள் 800 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம். இதில் புரதம் 17 சதவீதத்தை ஒட்டி வரும். ஒரு கோழிக்கு நாளைக்கு 80 முதல் 100 கிராம் போதும். காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று உப்புக் கருவாட்டைக் கலக்காதீர்கள். கழிச்சல் தண்ணீராகப் போகும். நல்ல கருவாட்டையும் அளவு மீறிப் போட்டால் முட்டையில் மீன் வாடை அடிக்கும். இந்தக் கலவை முட்டையிடும் கோழிக்கு மட்டும். குஞ்சுக்குக் கொடுத்தால் இத்தனை சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முட்டைக்காகவே வளர்ப்பதென்றால் இனத்தை மாற்றுவதுதான் நேர்வழி. ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய கிராமப்பிரியா, நல்ல தீனி கொடுத்தால் வருடத்துக்கு 200 முட்டை வரை தரும். குஞ்சு எங்கே கிடைக்கும் என்று மாதவரத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: தெருவில் விற்ற கலர் குஞ்சு ஆறு வாங்கினோம். மூன்று பிழைத்தன. ஏழு மாதம் ஆகியும் முட்டை இல்லை.
– வாசகர், வியாசர்பாடி

பதில்: மூன்றும் சேவலாக இருக்கும். முட்டைக்கோழிப் பண்ணைக்குப் பெட்டை மட்டும்தான் தேவை. குஞ்சு பொரிப்பகத்தில் முதல் நாளே பிரித்து ஒதுக்கும் ஆண் குஞ்சுகள்தான் சாயம் பூசித் தெருவுக்கு வருகின்றன. கறிக்கும் அவ்வளவாகத் தேறாத இனம். இனி வாங்கினால் எட்டு வாரம் தாண்டிய, தடுப்பூசி போட்ட விடைக்கோழியாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: சித்திரை பிறந்ததிலிருந்து தோல்முட்டையாக வருகிறது. கிளிஞ்சல் வைக்கிறேன். குடிக்க போர் தண்ணீர்தான்.
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: கடலோரப் போர் தண்ணீர் என்பதால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான். உப்புத் தண்ணீர் குடிக்கும் கோழிக்கு, கிளிஞ்சல் எவ்வளவு தின்றாலும் ஓடு சரியாகக் கட்டாது. நீங்கள் குடிக்கும் மெட்ரோ தண்ணீரையே அதற்கும் வையுங்கள். சாதாரண நாளில் ஒரு கோழிக்குக் கால் லிட்டர். வெயில் காலத்தில் இரண்டு மடங்கு ஆகும். மண்சட்டியில், நிழலில் வைத்து, மதியம் ஒரு தடவை மாற்றுங்கள்.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. கோழிக்கு வியர்க்காது; வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அப்படி இரைக்கும்போது ரத்தத்தில் உள்ள கரியமில வாயு குறைகிறது. ஓடு கட்டுவதற்கான பொருளும் அதோடு குறைகிறது. வெயிலில் கோழி தீனியையும் குறைத்துக்கொள்ளும். கூண்டின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, மேலே தென்னங்கீற்று போடுங்கள். தீனியை வெயில் ஏறுமுன் ஒரு பங்கும், ஐந்து மணிக்குமேல் ஒரு பங்குமாகப் பிரியுங்கள். ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் கட்டுகிறது. அதனால் கிளிஞ்சல் சாயங்காலம் வயிற்றில் இருக்க வேண்டும். தூளைவிட உளுந்து அளவுக்கு உடைத்தது நல்லது, மெதுவாகக் கரையும். தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவையானதைக் கோழியே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: ஐந்து கோழி இருந்தும் சில நாள் ஒரு முட்டைகூட இல்லை. எது போடுகிறது, எது ஏமாற்றுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், ராயபுரம்

பதில்: ஏமாற்றுவது கோழிதான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? நம் பக்கத்தில் பெருச்சாளியும் காக்கையும் தின்னும் முட்டை கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு நாள் காலை எட்டு மணியிலிருந்து மணிக்கொரு தடவை கூடையைப் பாருங்கள்.

கோழியைச் சோதிக்க, ராத்திரி அடைந்தபின் தூக்குங்கள். ஆசனவாய்க்கு இருபுறமும் கூரான இரண்டு எலும்பு தட்டுப்படும். நடுவே இரண்டு மூன்று விரல் நுழைந்து, வாய் அகலமாக ஈரமாக இருந்தால் முட்டையிடும் கோழி. ஒரு விரல்தான் நுழைகிறது, வாய் சுருங்கி வறண்டிருக்கிறது என்றால் இப்போது போடவில்லை.

கூடையில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தால் கோழியே முட்டையைக் கொத்தித் தின்கிறது. கூடையை இருட்டான மூலைக்கு மாற்றி, வைக்கோலை நான்கு விரல் கனத்துக்குப் போட்டு, வெள்ளைக் கூழாங்கல் ஒன்றைப் போலி முட்டையாக வையுங்கள். கொத்திக் கொத்தி அலுத்துவிடும். ஐந்து கோழிக்கு, ஒரு அடிக்கு ஒரு அடியில் இரண்டு பெட்டி வேண்டும்.

கேள்வி: முட்டைக்குச் சேவல் அவசியமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: இல்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமானால்தான் சேவல். விடிகாலை நான்கு மணிக் கூவலுக்குப் பக்கத்து வீட்டில் பதில் சொல்லத் தயாரென்றால் வளருங்கள்.

கேள்வி: வெளியே மேயவிட்டால் நன்றாக முட்டை போடுமாமே? எங்கள் தெருவில் மெக்கானிக் ஷெட்டும் பழைய பேட்டரிக் கடையும் இருக்கின்றன.
– வாசகர், மணலி

பதில்: அந்தத் தெருவில் விடாதீர்கள். பேட்டரி உடைக்கும் இடத்து மண்ணில் ஈயம் இருக்கும். மண்ணைக் கிளறித் தின்னும் கோழி வழியாக அது மஞ்சள் கருவில் சேரும். கோழி பார்க்க நன்றாகவே இருக்கும். கூண்டிலேயே வைத்து முருங்கைக்கீரையோ அகத்திக்கீரையோ கட்டித் தொங்கவிடுங்கள்.

கேள்வி: ஐப்பசி மழை தொடங்கியதும் முட்டை நின்றுவிட்டது. தை வரை இப்படித்தானா?
– வாசகி, கொடுங்கையூர்

பதில்: முட்டையிடும் கோழிக்கு நாளைக்கு 14 மணி நேர வெளிச்சம் வேண்டும். டிசம்பரில் சென்னையின் பகல் பதினொன்றேகால் மணி நேரத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். மழை மூட்டம் வேறு. கூண்டுக்குள் 5 வாட் எல்.இ.டி. பல்பைக் காலை நான்கு மணிக்குப் போட்டு, விடிந்ததும் அணையுங்கள். ராத்திரியில் போட்டால், திடீரென அணைக்கும்போது கோழி இருட்டில் அடையத் தடுமாறும். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும்.

ஆனால் கழுத்திலும் இறக்கையிலும் இறகு உதிர்ந்துகொண்டிருந்தால் பல்பால் பயனில்லை. பழைய இறகு கொட்டிப் புதியது முளைக்க இரண்டு மூன்று மாதம் ஆகும்; தீனியில் புரதத்தைக் குறைக்காமல் காத்திருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றால் அது கோழிக்கழிச்சல் நோய். அந்தக் கோழியை உடனே பிரித்துவிட்டு, கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். வந்தபின் மருந்து கிடையாது. வராமல் தடுக்கும் மருந்து உண்டு: குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா கண் சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஆர்.டி.வி.கே. தடுப்பூசி, இரண்டையும் தவறவிடாதீர்கள்.