முப்பரிமாணம் தோற்றது, சினிமாஸ்கோப் நின்றது

கேள்வி: டெலிவிஷனைச் சமாளிக்க 1950களில் ஹாலிவுட் முப்பரிமாணப் படங்களை எடுத்ததே, அவை ஏன் நிலைக்கவில்லை?

பதில்: முக்கியக் காரணம் புரொஜக்டர் அறையில்தான் இருந்தது. 1952 இறுதியில் தொடங்கிய அந்த அலையில் இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என இரண்டு பிரிண்டுகள், இரண்டு புரொஜக்டர்களில் ஒரே சீராக ஓட வேண்டும். ஒரு பிரிண்ட் அறுந்து நான்கு ஃபிரேம் போனால், மற்றதிலும் அதே நான்கை வெட்ட வேண்டும். மறந்தால் இரு கண்ணுக்கும் வெவ்வேறு கணம் தெரியும், தலைவலிதான். வெள்ளிப்பூச்சுள்ள திரையும் கட்டாயம். கண்ணாடி வழியே இரு கண்ணுக்கும் படத்தைப் பிரித்துத் தருவது போலரைஸ் ஆன (ஒரே திசையில் அதிரும்) ஒளி, சாதாரணத் திரை அதைக் குலைத்துவிடும். இரு மெஷின்களும் மாறி மாறி ஓடாமல் ஒருசேர ஓடுவதால், ரீல் மாற்றப் படத்தை நிறுத்தியே ஆக வேண்டும்.

அகலத்திரை முறையான சினிமாஸ்கோப் (1953) எவ்வளவோ புத்திசாலித்தனமானது. கேமரா லென்ஸ் காட்சியை அகலவாக்கில் பாதியாக நெருக்கி வழக்கமான 35 மி.மீ. ஃபிலிமில் பதிக்கும், புரொஜக்டர் லென்ஸ் அதை விரிக்கும். பழைய மெஷினே போதும். அகலத்துக்கும் உயரத்துக்கும் 1.37:1 ஆக இருந்த சட்டகத்தின் விகிதம் 2.55:1 ஆனது. குளோசப்பில் முகம் வீங்கித் தெரிந்தது அதன் பெரிய குறை. 1960களில் பானாவிஷன் நிறுவனத்தின் லென்ஸ்கள் அதன் இடத்தைப் பிடித்தது பெரிதும் இதனால்தான்.