சோலார் வாங்கும் முன் பம்ப் மீட்டரைப் பாருங்கள்

கேள்வி: சிறிய நகராட்சி ஒன்றில் மன்ற உறுப்பினராக இருக்கிறேன். கார்பன் உமிழ்வைக் குறைக்க இந்த ஆண்டு கொஞ்சம் நிதி ஒதுக்கியிருக்கிறோம். அலுவலகக் கூரையில் சோலார் போடலாம் என்கிறார்கள் சிலர், தெருவிளக்குகளை எல்இடி ஆக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். எதில் தொடங்குவது? மிச்சமானதை எப்படிக் காட்டுவது?

பதில்: இரண்டுமே நல்ல யோசனைதான். ஆனால் குடிநீர் விநியோகமும் உங்கள் பொறுப்பில் இருந்தால், முதலில் பம்புகளைப் பாருங்கள். அதற்கும் முன்னால், நகராட்சி பெயரில் உள்ள எல்லா மின் இணைப்புகளின் 12 மாத பில்களையும் எடுத்து, யூனிட் அதிகமுள்ளது மேலே வருகிற மாதிரி வரிசைப்படுத்துங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பணம் எங்கே போகிறது என்பது அந்த ஒரு பட்டியலிலேயே தெரிந்துவிடும். எதற்கு என்றே தெரியாமல் கட்டணம் கட்டிவரும் இணைப்பு ஏதாவது இருந்தால் அதுவும் மாட்டும்.

இனி பம்ப். 1,000 லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயர்த்த இயற்பியல்படி சுமார் 2.7 வாட்-மணி போதும், அதாவது ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டரை 30 மீட்டர் ஏற்றினால் 82 யூனிட் (ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி). குழாய் உராய்வையும் இந்த உயரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த இயந்திரமும் முழுத் திறனில் ஓடாது. மோட்டாரும் பம்பும் சேர்ந்து 65 முதல் 70 சதவீதம் வந்தால் நல்ல செட், அப்போது மீட்டர் 120 யூனிட் அளவில் காட்டும். உங்கள் மீட்டர் 190 காட்டுகிறதா? அப்படியானால் தினமும் 70 யூனிட் வீணாகிறது, வருடத்துக்கு 25,000 யூனிட்டுக்கும் மேல். தண்ணீரின் அளவு தெரியாது, ஃப்ளோ மீட்டர் இல்லை என்பார்கள். பரவாயில்லை, மேல்நிலைத் தொட்டியின் வெளியேறும் வால்வை மூடிவிட்டு, ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து, தொட்டியின் பரப்பால் பெருக்கினால் போதும். அதே ஒரு மணி நேரத்துக்கு மின் மீட்டர் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காரணம் பெரும்பாலும் தேய்ந்த இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்), தேவைக்கு மிஞ்சிய பெரிய மோட்டார், இல்லையென்றால் பாதி மூடிவைத்த வால்வு. வால்வை மூடி ஓட்டத்தைக் குறைப்பது மின்சாரம் கொடுத்து உராய்வை வாங்குவதுதான். இந்த இடத்தில் வேகத்தை மாற்றும் டிரைவ் விற்க வருவார்கள், வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் பாதியாகும் என்பார்கள். அது நீளமான குழாயில் உராய்வுதான் பெரும்பங்கு என்றால் உண்மை. உங்கள் பம்ப் நேராகத் தொட்டிக்குத் தூக்குவது மட்டும்தான் செய்கிறது என்றால் அந்தளவு மிச்சம் கிடைக்கவே கிடைக்காது, வேகத்தைக் குறைத்தால் தண்ணீர் மேலே ஏறாமலும் போகலாம். அப்புறம், குழாய்க் கசிவை அடைக்காமல் புதுப் பம்பின் அளவை முடிவு செய்யாதீர்கள். ஒழுகிப்போகும் ஒவ்வொரு லிட்டரும் மின்சாரம் செலவழித்து ஏற்றியதுதான்.

தெருவிளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 250 வாட் சோடியம் விளக்கு சோக்கோடு சேர்த்து 280 வாட் வரை இழுக்கும், அந்த இடத்தில் பெரும்பாலும் 100 - 120 வாட் எல்இடி போதும். ஆனால் விடிந்த பிறகும் எரியும் விளக்குகளை முதலில் சரிசெய்யுங்கள்: இரவுக்கு 12 மணி நேரம் எரிய வேண்டியது ஒரு மணி நேரம் கூடுதலாக எரிந்தால் 8 சதவீதம் வீண், ஒரு டைமர் அதை நிறுத்திவிடும்.

பணத்துக்கு ஒரு நல்ல வழி ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் இருக்கிறது. 1995 முதல் அங்கே நகராட்சியின் எரிசக்திப் பிரிவே மற்றத் துறைகளுக்கு வட்டியில்லாமல் முதலீடு செய்கிறது. மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்து அந்தத் தொகை திரும்பி வருகிறது, வந்ததும் அடுத்த வேலைக்குப் போகிறது. உங்கள் மன்றத்திலும் இதற்குத் தனிக் கணக்கு ஒன்று தொடங்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் மிச்சமானது பொது நிதியில் கரைந்துவிடும், அடுத்த வருடம் மறுபடி கையேந்த வேண்டியிருக்கும். வெளி நிறுவனம் முதலீடு செய்து மிச்சத்தில் பங்கு கேட்டாலும் சரிதான், ஆனால் அளப்பது அவர்களாக இருக்கக் கூடாது.

நிரூபிக்க, பழைய பில்லையும் புதிய பில்லையும் அப்படியே ஒப்பிடாதீர்கள். பம்புக்கு 1,000 லிட்டருக்கு எத்தனை யூனிட், விளக்குக்கு ஒரு கம்பத்துக்கு எத்தனை யூனிட் என்று பாருங்கள், ஏனென்றால் ஊர் வளரும், கம்பமும் கூடும். மிச்சமான யூனிட்டை உங்கள் மின்கட்டமைப்பின் உமிழ்வுக் காரணியால், அதாவது ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்ற எண்ணால், பெருக்கினால் கார்பன் கணக்கு வந்துவிடும். நிலக்கரி மின்சாரம் என்றால் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு, நீர்மின்சாரம் என்றால் மிகக் குறைவு.

இவ்வளவும் முடிந்து சில மாத பில்கள் வந்த பிறகு சோலாரின் அளவைக் கணக்கிடுங்கள். இப்போதைய பில்லை வைத்துக் கணக்கிட்டால், வீணாகும் மின்சாரத்துக்கும் சேர்த்துப் பலகை வாங்குவீர்கள்.